காவிரி கடைசியாகத் தொடும் சேறு

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கும் ஒவ்வொரு வருடமும் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: "இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது." டெல்டாவில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அதைக் கேட்டு எனக்கும் வயிறு எரிந்ததுண்டு. இந்தத் தை மாதம் முத்துப்பேட்டை தொடங்கிக் கோடியக்கரை வரைக்கும் சதுப்பு நிலத்தைப் படகிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் பார்த்து வந்த பிறகு அந்த எரிச்சல் எனக்கு இல்லை. ஆற்றுத் தண்ணீர் கடலைத் தொடும் இடத்தில் என்னென்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்னும் இடத்தில் மறுபடி பிரிகிறது. அங்கிருந்து கிளம்பும் கோரையாறும் பாமணியாறும் வழியெல்லாம் வயலுக்குப் பாய்ந்து, மிஞ்சியதையும் வயல் வடிகாலையும் சுமந்துகொண்டு முத்துப்பேட்டைக்குத் தெற்கே வருகின்றன. கிளைதாங்கியாறு, கந்தப்பரிச்சானாறு என்று இன்னும் சில ஆறுகளும் சேர்ந்துகொள்ள, எல்லாம் ஆழமில்லாத ஒரு பெரிய காயலில் போய் விழுகின்றன. ஊரில் எல்லோரும் அதை லகூன் என்றே சொல்கிறார்கள். அதைச் சுற்றிச் சுமார் 12,000 ஹெக்டேரில் அலையாத்தி எனப்படும் மாங்குரோவ் காடும் சேற்று நிலமும். அப்படியே கிழக்கே போனால் வேதாரண்யம் சதுப்பு, உப்பளங்கள், கடைசியில் கோடியக்கரை.

படகு கிளம்புவது ஜாம்புவானோடையில். தர்காவுக்குப் பெயர் போன ஊர். வெளியூரிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குபவர்களில் பலருக்கு அடுத்த தெருவில் இப்படி ஒரு காடு தொடங்குவது தெரியாது. விடியும் நேரத்தில் கோரையாற்றில் இறங்கினோம். முதலில் இரு கரையிலும் தென்னை, இடையிடையே இறால் பண்ணை. கொஞ்ச தூரத்தில் தென்னை நின்றுபோகிறது. தண்ணீரின் நிறம் மாறுகிறது. பிறகு அலையாத்தி மட்டும்தான்.

இந்தக் காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற ஒரே மரம். தில்லையும் நரிக்கண்டலும் அங்கங்கே உண்டு. படகு ஓரமாக உரசிப் போனபோது ஒரு கிளையைப் பிடித்து இலையைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் எண்ணெய் தேய்த்த பச்சை, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. இலையின் மேல் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பேதான். வேர் வழியே ஏறும் உப்பை மரம் இலை வழியே இப்படி வெளியேற்றுகிறது. சேற்றிலோ மூச்சுவேர்கள் பென்சில் நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. காற்றே புகாத சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு அவைதான் மூக்கு.

உப்பைச் சமாளிக்கத் தெரிந்த மரம்தானே, நல்ல தண்ணீர் எதற்கு என்று படகோட்டி அண்ணனிடம் கேட்டேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு மூங்கில் கழியை ஊன்றினார். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை.

"ஆத்துத் தண்ணி வந்தாத்தான் தம்பி இங்க இறால் குஞ்சு தங்கும். மடவை, கொடுவா எல்லாம் அதுக்குப் பின்னாடிதான் உள்ள ஏறும். உப்பு கூடிப்போச்சுன்னா மீனுக்கும் ஆகாது, மரத்துக்கும் ஆகாது. கன்னு முளைக்கவே முளைக்காது."

அவர் சொன்னதற்குச் சாட்சி கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்து மண் காய்ந்து, தரை குழிந்துவிட்டது. ஏற்றத்தில், அதாவது கடல் ஏறும் நேரத்தில் உள்ளே வந்த நீர், அது வடியும் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் குழியிலேயே தங்கி, ஆவியாகி ஆவியாகி உப்பு ஏறியது. அதன்பிறகு அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். தண்ணீர் தினமும் வந்து போக ஆரம்பித்தது, உப்பு கரைந்து இறங்கியது, கன்று பிடித்தது. இன்று அந்த வாய்க்கால் ஓரங்களில் மரங்கள் வரிசைபிடித்து நிற்பதைப் படகிலிருந்தே பார்க்கலாம். இந்த ஊர்க்காரர்கள் தாங்களே வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீனை மறித்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். சேற்றில் தண்ணீரை நடத்திப் போகும் வித்தை அவர்களுக்குப் புதிதல்ல.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் பெரிய சேதமில்லாமல் தப்பின. 2018 நவம்பர் 16 விடியலில் வந்த கஜா புயலில் காடு தானே அடி வாங்கியது. இலை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார் அண்ணன். பட்டுப்போன மரங்கள் சில இன்னும் வெளுத்து நிற்கின்றன. அவற்றின் காலடியில் முழங்கால் உயரத்துக்குப் புதுக் கன்றுகள். எனக்கு மனசு நிறைந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் விட்டார்கள். அதில் ஏறி வேதாரண்யம் போய், சித்தப்பா வீட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டேன். "பைக்கை எடுத்துட்டுப் போடா, கோடியக்கரை என்ன பக்கத்திலயா இருக்கு?" என்றார் சித்தப்பா. உப்பளத்தை சைக்கிளில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பைக் வேகத்தில் அது வெறும் வெள்ளைப் பொட்டலாகத் தெரியும். தை மாதத்து வாடைக்காற்று முதுகில் தள்ள, தெற்கே மிதிப்பது சுகமாக இருந்தது.

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவிடம் இருக்கிறது. திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதான மண் இது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தேன்.

உப்பு வாருவதைப் பார்க்கலாம் என்று போனவனுக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய வேலை. வடகிழக்குப் பருவமழை பாத்திகளைக் கரைத்துவிட்டுப் போயிருக்கும். தை மாதத்தில் சேற்றை வாரி வெளியேற்றி, வரப்பு கட்டி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். நாலைந்து பேர் வரிசையாக, ஒரே தாளத்தில், அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அக்காவின் குதிகால் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. "தரை இறுகலேன்னா தண்ணி கீழ போயிடும், உப்பு அழுக்கா வரும்" என்றார், மிதிப்பதை நிறுத்தாமலே. நாம் குழம்பில் போடும் வெள்ளை உப்பு இந்தக் கால்களில் தொடங்குகிறது. இவர்களுக்குக் கிடைக்கும் கூலி இந்த வேலைக்குப் போதாது, எந்தக் கணக்கிலும் போதாது.

இங்கே ஒன்று கவனித்தேன். உப்பளத்துக்கு மழை வந்தால் நஷ்டம். அலையாத்திக்கு நல்ல தண்ணீர் வராவிட்டால் நஷ்டம். ஒரே சதுப்பின் இரண்டு ஓரங்களில் இரண்டு பிழைப்பும் நடக்கின்றன. இத்தனை காலம் இரண்டும் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வருடத்தில் சில மாதம் நல்ல தண்ணீர், சில மாதம் உப்பு என்ற முறைதான்.

கோடியக்காடு தாண்டியதும் சைக்கிளை விட்டுவிட்டு நடை. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயமாக்கப்பட்ட காடு இது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பாலை மரம்தான் இதில் ராஜா. காற்று வளைத்த மரங்கள், காலடியில் கடல் மணல். காடு முடிந்து புல்வெளி திறக்குமிடத்தில் வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முறுக்குக் கொம்போடு கறுத்த முதுகுக் கிடா ஒன்று தலை நிமிர்த்திப் பார்த்தது. அவற்றோடு மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. எப்போதோ வளர்ப்பாக இருந்து காட்டுவாசிகளாகிவிட்டவை. புல்வெளியைச் சீமைக்கருவேலம் நெருக்கிக்கொண்டே வருவதுதான் மானுக்குப் பெரிய தொந்தரவு. வெட்டினாலும் திரும்ப வருகிறது.

இராமர் பாதம் மணல்மேட்டில் ஏறினால் சதுப்பின் பரப்பு கொஞ்சம் பிடிபடும். அங்கிருந்து இறங்கி, சேற்றுவெளி ஓரமாக நடந்தபோது பூநாரைகளைப் பார்த்தேன். கூட்டமாக நின்று, தலையைத் தலைகீழாக்கித் தண்ணீரில் அலகை நுழைத்துச் சலித்துக்கொண்டிருந்தன. அருகில் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள், பெயர் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாத அளவுக்குப் பல வகை. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருபவை அவற்றில் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலி காலம் தொட்டே இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்கிறது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகக் கோடியக்கரை அறிவிக்கப்பட்டபோது, முத்துப்பேட்டை அலையாத்தியும் சேர்த்து 38,500 ஹெக்டேர் அந்தப் பட்டியலில் ஏறியது. மூன்று விதமாகப் பயணம் செய்து நான் பார்த்தது ஒரே நிலத்தைத்தான்.

திரும்பும் வழியில் உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கும் போனேன். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். மேட்டூர்த் தண்ணீர் வந்தால் நிரம்பும், கோடையில் காய்ந்துவிடும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. சுற்றியுள்ள வயல்களில் நத்தை பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. பக்கத்து வயலில் சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருந்தது. வயலுக்கும் ஏரிக்கும் லகூனுக்கும் வருவது ஒரே ஆறு.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். படகுக்கு முதல் நாளே முத்துப்பேட்டையில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வற்றத்தில் போனால் படகு தரை தட்டும், அதனால் எந்த நேரம் கிளம்பலாம் என்று படகுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் நுழையவும் அனுமதி வேண்டும். தை அமாவாசையன்று கடலாட வரும் கூட்டம் அதிகம், பறவை பார்க்க அந்த நாள் சரிவராது. வழியில் யாராவது காவிரித் தண்ணீர் கடலில் வீணாகிறது என்று வருத்தப்பட்டால், அவரையும் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.