குறிக்கு நேர் குறி

நவம்பர் 6
மாருதி 800-ஐ ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றியாயிற்று. உறையைத் திறந்தால், என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட்டின் முதுகெல்லாம் வெடிப்பு. வண்டி ஓடியது குறைவுதான். ரப்பருக்கு ஓட்டம் மட்டுமா கணக்கு, வயதும் உண்டே. புதனுக்குள் முடித்தாக வேண்டும்.

நவம்பர் 7
மழை. என்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் புல்லி போல்ட் அசையவில்லை.

நவம்பர் 8
அதே போல்ட். இரவெல்லாம் எண்ணெயில் ஊறியும் அடம். வண்டியை டாப் கியரில் போட்டு, தங்கை பிரேக்கை மிதிக்க, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். "முறிந்தது போல்ட்டா, கையா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார். குரலில் தெம்பு இருந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை.

நவம்பர் 9
பழைய பெல்ட்டைக் கழற்றும் முன், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் புல்லிக் குறியும் கிராங்க்கின் குறியும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து, வெள்ளைப் பெயின்ட்டும் வைத்தேன். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பது பெல்ட்டின் பற்கள் மட்டுமே. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வுகள் நேரம் தவறித் திறக்கும், இழுவை போய்விடும். திரும்பி வரும்போது கல்லாறு தாண்டி ஏற்றத்தில், பின்னால் லாரி நிற்க, அம்மாவை வைத்துக்கொண்டு? கேம் தானாக நகர்ந்திருக்குமோ? நள்ளிரவில் டார்ச்சோடு போனேன். ஷெட் வாசலில் காட்டெருமை. அதனிடம் என்ன அவசரம் என்று சொல்வது? திரும்பிவிட்டேன்.

நவம்பர் 10
கோவையிலிருந்து வந்தது வேறு வண்டியின் பெல்ட்! பழையதோடு சேர்த்து வைத்தால் பல்லின் வடிவமே வேறு. "மாட்டிப் பாருங்கள் சார், உட்கார்ந்துவிடும்" என்கிறார் கடைக்காரர். வேட்டியா, இறுக்கிக் கட்டிக்கொள்ள? பஸ்ஸில் போகலாம் என்கிறாள் தங்கை. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அம்மாவுக்குக் குமட்டும். காரென்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.
ஸ்கேன் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

நவம்பர் 11
சரியான பெல்ட் மாலை பஸ்ஸில் வந்தது. மாட்டி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி ஸ்பிரிங் இழுக்கவிட்டு, கையாலேயே கிராங்க்கை இரண்டு சுற்று. குறிகள் நேர். இறுக்கினேன். மறுபடி இரண்டு சுற்று, நேர். மறுபடி. அருவங்காடு ஆலையில் ஃபிட்டராக இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்: "இன்னும் சுற்றினால் குறி தேய்ந்துவிடும் கண்ணு."
சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஆனால் மெல்லிய ஒரு சீழ்க்கை. பெல்ட் இறுக்கம் அதிகமோ? பெரியவருக்குக் கேட்கவில்லை. அவருக்கு இடது காது மந்தம்.

நவம்பர் 12, விடியற்காலை
குளிர்ந்த என்ஜினில் சீழ்க்கை இல்லை. சூடேறி என்ஜின் விரிந்தால் பெல்ட் இன்னும் இறுகும், அப்போதுதான் தெரியும். இறக்கம் முழுக்க இரண்டாம் கியர், 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறில் நிறுத்திப் பானட்டைத் திறந்து கேட்க வேண்டும். தங்கை உறையை எடுத்து வைத்தாளா? அம்மா ஹாரன் அடிக்கிறார்.