ஈம் கிராமத்து எல்லைக் கல்

அந்தக் கல்லில் ஆறு குழிகள். ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன். மழைத்தண்ணீர்.

1666-ல் அதில் வினிகர் இருந்தது. இங்கிலாந்தில், டெர்பிஷயரின் ஈம் கிராமத்தில் பிளேக் பரவியபோது, பாதிரியார் வில்லியம் மொம்பெசன் சொன்னதைக் கேட்டு நோய் வெளியே போகாதபடி ஊரே தன்னைப் பூட்டிக்கொண்டது. காசு வழியாக நோய் ஒட்டக்கூடாதென்று ஈம்காரர்கள் வினிகரில் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சாமான்களை வைத்துவிட்டு அந்தக் காசை எடுத்துக்கொள்வார்கள்.

எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்தாள். அந்தக் கல்லறைகள் இன்றும் வயலுக்கு நடுவே இருக்கின்றன.

அப்புறம் பக்கத்திலிருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போனேன். பிரமாதம்தான், மனம் ஒட்டவில்லை. அந்த வீட்டுப் பிரபு அன்று ஈமுக்கு உணவு அனுப்பியவர், அதனால் சும்மா விட்டேன்.

எல்லோரும் தியாகம் என்கிறார்கள். சரி. ஓடிவிடலாமா என்று ராத்திரியில் யோசித்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள்தானே?