சில்லறையோடு போன மரியாதை

"அண்ணே, ஒரு டீ, சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது காதில் ப்ளூடூத்தோடு வந்து, காற்றைப் பார்த்து "ஒரு டீ" என்கிறார்கள். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். பணம் வந்த செய்தியைக் கூட அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான் சொல்கிறது.

2016-இல் தொடங்கிய யூபிஐ, டீக்கடை வரைக்கும் வந்தபோது சில்லறைத் தொல்லை ஒழிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். "ரெண்டு ரூபா இருந்தா குடுங்க தம்பி", "இல்லண்ணே, நாளைக்குத் தரேன்" என்ற பேச்சும் சேர்ந்தே ஒழிந்தது. நம் மரியாதையில் பாதி அந்தத் தட்டுப்பாட்டில்தான் பிழைத்திருந்தது போல!

இதற்கு இளசுகளைத் திட்டாதீர்கள். நான் பார்த்தவரை அதிகம் அதட்டுவது நாற்பதைத் தாண்டியவர்கள்தான். எங்கள் பக்கத்துக் கடையில் வடை போடுகிறவர் பீகார்க்காரர், வயது ஐம்பது இருக்கும். அவரையும் "டேய், சீக்கிரம்" என்கிறார்கள். தமிழ் புரியாது என்ற தைரியம். அவருக்கு நன்றாகவே புரிகிறது. "சார், சூடு, பாத்து" என்று சொல்லித் தட்டை நீட்டுவது அவர் ஒருவர்தான்.

சரி, பார்சல் கொண்டு வருகிறவரிடம் கதவிடுக்கில் ஓடிபி சொல்லிவிட்டுப் படாரென்று சாத்துகிறவர்கள் கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.