தண்ணீர்க் கணக்கு

கச்சா எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்தால் அடியில் கறுப்புச் சேறு கிடைக்கும். எண்ணெய், தண்ணீர், மணல், துரு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எண்ணெயை எடுத்த பிறகும் ஒரு பங்கு மிஞ்சும். அதை மண், சிமெண்டோடு கலந்து சாலையின் அடித்தளத்தில் போடலாமா என்று பார்க்கும் வேலை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. கொஞ்சம் அழுக்கான மண், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மண் எவ்வளவு இறுகும் என்று பார்க்கும் பிராக்டர் சோதனையில் அடர்த்தி அழகாக வந்தது. ஆனால் அந்தக் கலவையை உருளைகளாக இறுக்கி, 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து வலிமை பார்த்தபோது, அவை அழுத்தம் ஏற ஆரம்பித்ததுமே ஓரம் ஓரமாக உதிர்ந்தன. சிமெண்டைக் கூட்டினோம். பெரிய மாற்றமில்லை.

ஒருநாள் காலையில் மூத்த டெக்னீஷியன் ஓவனைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். “தம்பி, தண்ணி ஆவியானா இப்படியா நாறும்?”

அங்கேதான் தப்பு. ஈரப்பதம் பார்க்க மண்ணை 105 முதல் 110 டிகிரியில் காயவைத்து, குறைந்த எடை முழுவதையும் தண்ணீர் என்று எழுதுவோம். கை பழகிய வேலை, யோசிப்பதில்லை. கசடு கலந்த மண்ணிலோ லேசான எண்ணெயும் சேர்ந்து ஆவியாகிவிடும். கனமானது தங்கி, மண் கணக்கில் ஏறிவிடும். (மூடிய ஓவனுக்குள் எண்ணெய் ஆவி! இப்போது நினைத்தாலும் பகீரென்கிறது.)

இறுக்குவதற்கு எண்ணெயும் உதவும். துகள்கள் வழுக்கிக்கொண்டு நெருங்கிவிடும். அதனால்தான் அடர்த்தியைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிமெண்டுக்குத் தண்ணீரேதான் வேண்டும். நாங்களோ ஏற்கெனவே போதுமான தண்ணீர் இருக்கிறது என்று, தண்ணீர் ஊற்றுவதில் கை இறுக்கிக்கொண்டிருந்தோம். போதாததற்கு, துகள்கள்மேல் எண்ணெய்ப் படலம் வேறு.

அப்புறம் டீன்-ஸ்டார்க் முறைக்கு மாறினோம். மாதிரியை டொலுயின் என்ற கரைப்பானோடு கொதிக்கவைத்தால், ஆவி குளிர்ந்து கோடு போட்ட குழாயில் இறங்கும். தண்ணீர் மட்டும் அடியில் தெளிவாக நிற்கும். பதிவேட்டில் இருந்ததைவிட ரொம்பக் குறைவாக நின்றது. சிமெண்டுக்கு முன்னால் சுட்ட சுண்ணாம்பைக் கலந்து ஒருநாள் விட்டதில் சேறும் பொலபொலவென்று ஆனது. உருளைகள் நின்றன.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உருளையைத் தண்ணீரில் ஊறவைத்த தட்டு உறுத்தியது. வலிமையில் தேறிய உருளையைச் சுற்றி, தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம். நிக்கல் போன்ற உலோகங்களைச் சிமெண்டின் காரத்தன்மை ஓரளவு பிடித்து வைக்கும். எண்ணெயில் இருக்கும் பென்சீன் என்ற நச்சை அப்படிப் பிடிக்காது. கட்டிக்குள் அடைத்துத்தான் வைக்கும், கட்டியில் விரிசல் விட்டால் வெளியேற வழியும் திறந்துவிடும். அதனால் உருளையை நொறுக்கி, 9.5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, எவ்வளவு நச்சு கசிகிறது என்று பார்க்கவேண்டும் என்றேன். “ரோடு தாங்குது இல்ல, அப்புறம் என்ன?” என்றார் மேலாளர்.

தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கசடை மறுபடி சென்ட்ரிஃபியூஜுக்கு அனுப்பச் சொன்னார்.