அம்மாவின் வேண்டுதலும் அண்ணாமலையில் ஒரு மணி நேர மௌனமும்

அம்மா வேண்டிக்கொண்டது முடிகாணிக்கையோ பால்குடமோ இல்லை. என் மகனுக்கு டெங்கு வந்து, தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய் ஐசியுவில் வைத்திருந்தபோது, வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அண்ணாமலையாரிடம் அம்மா சொன்னது இதுதான்: "பிள்ளையை எழுப்பிக் கொடுப்பா, பௌர்ணமிக்கு உன் மலையைச் சுத்தி வரேன், பாதாள லிங்கத்துகிட்ட ஒரு மணி நேரம் வாயையும் மனசையும் மூடிக்கிட்டு உட்கார்றேன்." பையன் எழுந்துவிட்டான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் முற்றிலும் போய்விட்டது, 14 கிலோமீட்டர் என்ன, தெருமுனை வரை நடப்பதே சிரமம். "பெத்தவ நீ செஞ்சா நான் செஞ்ச மாதிரிதான், போயிட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டார்.

கிரிவலம் எனக்குப் பயமில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் பயம். அம்மா விடியற்காலையில் எழுந்து ருத்ராட்ச மாலையை வைத்துக்கொண்டு பஞ்சாட்சரம் சொல்வதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் நான் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிற ஆள், கண்ணை மூடி உட்கார்ந்து பழக்கமே கிடையாது. அந்த வராந்தாவில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு முஸ்லிம் பாட்டி, பேரனுக்காக இரவு பகலாக இருந்தார். அவர் கையில் தஸ்பீஹ், அம்மா கையில் ருத்ராட்சம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, உள்ளே இருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் மணி உருட்டுவது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நிற்கும், கூப்பிட்டது வேறு யாரையோ என்று தெரிந்ததும் திரும்ப ஓட ஆரம்பிக்கும். ஒரு நாள் நான் அழுதுகொண்டிருந்தபோது அந்தப் பாட்டிதான், "மூச்சோட சேர்த்து அல்லா பேரைச் சொன்னா நெஞ்சு நடுங்காதும்மா, நீ உன் சாமி பேரைச் சொல்லு" என்றார். திக்ரு என்று அவர்கள் சொல்வது அதைத்தான். நான் அன்று நமசிவாய என்று மூச்சோடு சேர்த்துச் சொன்னேன், நடுக்கம் நிஜமாகவே கொஞ்சம் அடங்கியது. அவருடைய பேரனும் நல்லபடியாக வீட்டுக்குப் போனான் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பயணம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

அண்ணியும் நானும் காரில் திண்டிவனம் வழியாகப் போனோம். அண்ணி 10 நாள் விபாசனா தியான முகாம் போய் வந்தவர், பேசாமல், போன் இல்லாமல், முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மந்திரம் கூடாது, உருவம் கூடாது, மூச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "சாமியே இல்லாம எப்படி அண்ணி?" என்று கேட்டேன். "உட்கார்ந்து பாரு, அப்புறம் கேளு" என்று விட்டுவிட்டார்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர் குன்று என்று ஒரு சின்னக் குன்று இருக்கிறது. அண்ணாமலைக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடுவோம், அண்ணி பிடிவாதமாக ஏறச் சொன்னார். மேலே ஒரே பாறையில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டு இருக்கிறார்கள், எல்லோரும் மடியில் கை வைத்த அதே இருப்பு. இன்னொரு பாறையில் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தின் தொடக்க காலத்துக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து அங்கேயே உடலை விட்டதைச் சொல்கிறது. வெயில் பாறையில் ஏறி அடித்துக்கொண்டிருந்தது, ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை என்னால். சமணர்கள் சாமாயிகம் என்று தினமும் 48 நிமிடம் விருப்பு வெறுப்பை விட்டு உட்காருவார்களாம், இல்லறத்தில் இருப்பவர்களும்கூட. என்னுடைய ஒரு மணி நேரம் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று தைரியம் வந்தது, அந்தப் பாறையில் நோன்பிருந்தவரைக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

திருவண்ணாமலை எல்லைக்குள் நுழையும்போது மலை தெரிந்ததும் தானாகக் கை குவிந்துவிடும், அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, போனவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் பற்றி எழுதத்தான் வேண்டும். பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில் வருகிறார்கள், வரட்டும், எல்லோருக்கும் அப்பன்தான். ஆனால் ராஜகோபுரத்துக்கு முன்னாலேயே கையைப் பிடித்து இழுத்து, "சீக்கிர தரிசனம்மா, வரிசையே வேண்டாம், ஆளுக்கு இவ்வளவு குடுங்க" என்று கூடவே ஓடி வருகிறார்களே, அது மனதை என்ன பாடு படுத்துகிறது! வெளியூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி எங்கள் கண்ணெதிரே பணத்தைக் கொடுத்துவிட்டு, அரைமணி கழித்து அதே வரிசையில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒரே நாளில் குண்டலினி எழுப்பித் தருகிறோம் என்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தபோது இன்னும் வயிறெரிந்தது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இதே கோயிலுக்குள் 16 வயதுப் பையனாக வந்து நின்ற வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர், யாருக்கு எவ்வளவு கொடுத்தான்? கையில் மிச்சமிருந்த காசையும் ஐயன்குளத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தவன் அல்லவா?

உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கர்ப்பகிரகத்துக்குப் பக்கத்தில் போகப் போக அனல் அடித்தது, அக்னித் தலம் அல்லவா. ஒரு நொடியோ இரண்டு நொடியோ, விளக்கு வெளிச்சத்தில் நாகாபரணம் மின்னியது, "நகருங்க நகருங்க" என்று தோளில் கை விழுந்தது, அவ்வளவுதான். மகன் பெயரைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் மட்டும் கொஞ்சம் நிற்க விட்டார்கள், அம்மா கொடுத்தனுப்பிய குங்குமப் பொட்டலத்தை அங்கே கொடுத்தேன்.

இரவு கிரிவலம். இந்திர லிங்கத்தில் தொடங்கி வெறுங்காலோடு நடந்தோம். ரமணர் மலை சுற்றுவதைப் பற்றிச் சொல்லும்போது, நிறைமாத கர்ப்பிணியான மகாராணி நடப்பது போல நடக்க வேண்டும் என்பாராம். முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் அது நடக்கவே இல்லை, ஒலிபெருக்கி, தள்ளுமுள்ளு, பாதம் முழுக்க சிறுகற்கள். நிருதி லிங்கம் தாண்டியதும் அண்ணி, "பேசாம வா, குதிகால் தரையில படுறதை மட்டும் கவனி" என்றார். போத்கயாவில் புத்தர் ஞானம் அடைந்த பிறகு ஒரு வாரம் இப்படி நடந்தேதான் தியானம் செய்தார் என்று சொல்லி, அவர் நடந்த இடத்தை இன்றும் மகாபோதி கோயில் ஓரமாகக் காட்டுகிறார்கள், அண்ணி பார்த்திருக்கிறார். நான் குதிகாலைக் கவனித்தேன், அதோடு அருணாசல சிவ சேர்ந்துகொண்டது, அதை நான் சேர்க்கவில்லை. ஆதி அண்ணாமலை வந்ததே தெரியவில்லை. வலப்பக்கம் மலை, மேலே நிலா, கால் வலி இருந்தது, ஆனால் அது பாட்டுக்கு இருந்தது.

மறுநாள் காலை வேண்டுதலை முடிக்க ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போனோம். அங்கே நிலத்தடியில் இருக்கும் பாதாள லிங்கம் என்றாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த இருட்டுக் குழியில்தான் ரமணர் பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகிச் சீழ் வடிவதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கல்லெறிந்த பையன்களை விரட்டிக் காத்தவர் சேஷாத்ரி சுவாமிகள். அங்கே ஒரு மணி நேரம்! பௌர்ணமிக் கூட்டம் இன்னும் வடியவில்லை, உட்காரப் போனதும் "எந்திரிங்கம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார்கள். இன்னொரு முறை சுற்றி வந்து ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தேன், திரும்பவும் எழுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா வாக்குக் கொடுத்த இடம் அது, பிள்ளையின் உயிருக்குக் கொடுத்த வாக்கு, அதைக் கூட்டத்துக்காக விட்டுவிட முடியுமா? வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "அவன் மலைல எங்க உட்கார்ந்தா என்னடி, ரமணரே பாதாளத்துலேர்ந்து வெளிய வந்து மேல ஏறிப் போயிட்டாரே, நீயும் மேல போ" என்றார்.

மேலே போனோம். விரூபாக்ஷி குகை.

ரமணர் 1899 முதல் 1916 வரை பெரும்பாலும் இருந்த இடம். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேள்வி கேட்க, பேசாமல் எழுதிக் காட்டியே பதில் சொன்னதும் இங்கேதான், அதுதான் நான் யார் என்று புத்தகமானது. உள்ளே சின்ன இடம், நடுவில் விரூபாக்ஷ தேவரின் சமாதி மேடு, அதன் மேல் விபூதி, ஒரு விளக்கு. கதவைச் சாத்திவிட்டால் காற்றில்லை. ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் கழுத்தில் சிலுவையோடு. எனக்குச் சட்டென்று அபிஷிக்தானந்தர் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் பாதிரியார், 1949-இல் ரமணரைப் பார்க்க வந்து, அப்புறம் இந்த மலையின் குகைகளிலேயே மௌனமாகத் தங்கியவர், குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தை இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து நிறுவியவர். ஏசுவை விடாமலேயே அருணாசலத்தைப் பிடித்துக்கொண்டவர். அவர்கள் மரபிலும் ஏசுவின் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் துறவிகள் கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையில் காலங்காலமாக உண்டு. வராந்தாப் பாட்டி சொன்னதும் அதுதானே.

கருங்கல் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். நமசிவாய சொன்னேன். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஐசியு மானிட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது, அந்த பீப் பீப், வேகம் கூடுவது, நர்ஸ் ஓடுவது. பிள்ளை வீட்டில் நன்றாக இருக்கிறான், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது, வேர்த்துக் கொட்டியது. மந்திரத்தை வேகமாகச் சொன்னேன், அடங்கவில்லை. அண்ணி சொன்ன மாதிரி மூச்சைப் பார்த்தேன், மூச்சே திணறியது. எழுந்து போய்விடலாம் என்று கையை ஊன்றியபோதுதான், பயம் யாருக்கு என்று உள்ளே கேட்டது. நான் யோசித்துக் கேட்கவில்லை, புத்தகத்தில் படித்ததை எடுத்துப் போடவும் இல்லை, அந்தக் குகையில் எத்தனையோ பேரிடம் ரமணர் கேட்டதைத்தான் என்னிடமும் கேட்டார் என்று நம்புகிறேன். எனக்குத்தான் பயம். சரி, அந்த நான் எங்கே? தேடினேன். நெஞ்சு அடிப்பது தெரிந்தது, வேர்வை முதுகில் இறங்குவது தெரிந்தது, மானிட்டர் சத்தமும் தெரிந்தது, இதையெல்லாம் தெரிந்துகொண்டிருப்பது மட்டும் துளியும் பயப்படவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மானிட்டர் சத்தம் நின்றது கூட அப்புறம்தான் தெரிந்தது. பயத்தை அண்ணாமலையார் வாங்கிக்கொண்டார். பிள்ளையை அன்றே கொடுத்துவிட்டார், அந்த நாட்களின் பயத்தை என்னிடமே விட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது, இங்கே வந்து வாங்கிக்கொள்ள. கன்னம் முழுக்க நனைந்திருந்தது. அண்ணி தோளைத் தொட்டுக் கடிகாரத்தைக் காட்டினார், ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது.

அப்பனே, அண்ணாமலையானே, எனக்குச் சாஸ்திரம் தெரியாது, உட்காரத் தெரியாது, வரிசையில் நின்று இரண்டு நொடி பார்க்க மட்டும் தெரிந்த என்னையும் கூப்பிட்டு உன் மலைக்குள் உட்கார வைத்தாயே. கூட்டம் எழுப்பிவிட்டதும் நல்லதற்கே, எழுப்பிவிடாவிட்டால் மேலே வந்திருக்கவே மாட்டேன். அந்த மருத்துவரை, இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸ்களை, தஸ்பீஹ் பாட்டியை, சாமி பேரில்லாமலே எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணியை எல்லாம் நீதான் அனுப்பினாய். திருநாதர் குன்றில் உட்கார்ந்தவருக்கும் அங்கே துணை இருந்தது நீதானே?

ஸ்கந்தாசிரமம் ஏறி, பின்பக்கப் பாதையில் ரமணாசிரமத்துக்கு இறங்கி, ரமணரின் தாயார் சமாதியான மாத்ருபூதேஸ்வரருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்தேன். "உட்கார்ந்தேம்மா" என்றேன். அந்தப் பக்கம் அம்மா அழுவது கேட்டது. போகப் போகிறவர்களுக்கு ஒன்று, கிரிவலம் பௌர்ணமியில் என்றாலும் குகையையும் பாதாள லிங்கத்தையும் வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை அப்படிக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் காரிலேயே கூட்டிப் போய், ஆசிரமத்துப் பழைய ஹாலில், ரமணர் சாய்ந்திருந்த சோபாவுக்கு எதிரே நாற்காலி போட்டாவது உட்கார வைக்க வேண்டும். மகனும் வருகிறேன் என்கிறான்.