முன்கட்டைக்குள் இரண்டு அம்புகள்

போன ஜனவரி, ஒஹாயோவில் மசில்லோடர் (குழலின் வாய் வழியே மருந்திடும் துப்பாக்கி) வேட்டை சீசன். ஹாக்கிங் கவுண்டி மலைச்சரிவில், எண்பது கஜத்தில் நின்ற ஒரு பெட்டை மானைக் குறி வைத்துச் சுட்டேன். புகை கலைந்தபோது அது வாலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பனியில் ஒரு சொட்டு ரத்தமாவது கிடக்கிறதா என்று நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் மான் நின்ற இடத்துக்குப் பின்னால் ஓர் ஓக் மரத்தில், அதன் முதுகுக்கு மேல் உயரத்தில், குண்டு பாய்ந்த ஓட்டை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஓர் உயிரை அரைகுறையாக அடித்துவிட்டு வீட்டுக்குப் போவதை நினைத்தாலே வயிற்றைப் பிசையும்.

என்னுடையது .50 காலிபர், போல்ட் ஆக்‌ஷன் இன்லைன். நம் மலைப்பக்கத்து நாட்டுத் துப்பாக்கி மாதிரி குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இறக்கிக் கம்பியால் கெட்டிக்கிற வகைதான். ஆனால் தீப்பொறி பக்கவாட்டில் இல்லாமல் குழலுக்கு நேர் பின்னாலிருந்து வரும். 1985-இல் டோனி நைட் மிசோரியில் எம்.கே.-85 துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு இந்த அமைப்புதான் எங்கும் பரவியது. ஸ்கோப் மாட்டி நூறு கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் மூன்று குண்டை அடக்கலாம். என்னுடையது நாலரை அங்குலம் சிதறியது.

குற்றம் குழலுக்குக் கீழே நீளும் பிளாஸ்டிக் முன்கட்டையில்தான் இருந்தது. ஆனால் முதலில் மருந்தின் மேல் சந்தேகப்பட்டேன். மருந்தை 100 கிரெய்னிலிருந்து (அதை அளக்கும் அலகு) 90-க்குக் குறைத்தேன். குண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையான சாபோவை மாற்றினேன், ஸ்கோப் வளையங்களைக் கழற்றி மாட்டினேன், ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் குழலைத் துணியால் துடைத்தேன். ஒரு கோடைக்காலமே இதில் போயிற்று.

டெலவேர் வைல்ட்லைஃப் ஏரியா ரேஞ்சில் ஒருநாள், மண்பையை வழக்கமான இடத்தில் வைக்காமல் முன்கட்டையின் நுனிக்குக் கீழே வைத்துச் சுட்டேன். குண்டுகள் நாலு அங்குலம் மேலே போயின. பையை ஆக்‌ஷன் (குழலுக்குப் பின்னால் சுடும் பொறி இருக்கும் பகுதி) பக்கம் நகர்த்தினேன், பழைய இடத்துக்கே இறங்கின. அப்போதுதான் அந்த மான் ஞாபகத்துக்கு வந்தது. காட்டில் நான் ஊன்றுகோலின் கவையில் வைத்தது முன்கட்டையின் நுனியைத்தானே! குழலையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடித்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மூடி, பிளாஸ்டிக் போய்க் குழலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு விரல் பலம் போதுமாக இருந்தது.

சாதாரண ரைஃபிளை விட மசில்லோடரில் இது ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்றால், குண்டு மெதுவாகப் போகிறது. இதில் நொடிக்கு 1,800 அடி என்றால் மான் வேட்டை ரைஃபிள்களில் 2,800 அடி சாதாரணம். அதனால் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் அதிகம். அது வாயைத் தாண்டுவதற்குள் துப்பாக்கி உதைக்கத் தொடங்கிவிடும். அந்தக் கணத்தில் கட்டை எங்கே எதைத் தள்ளுகிறது என்பது குண்டோடு சேர்ந்து போய்விடுகிறது.

பதினான்கு வருஷமாக பிளாஸ்டிக் மோல்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஓசூரில் தொடங்கி இப்போது கொலம்பஸ் பக்கம். குழலைக் கழற்றிவிட்டு முன்கட்டைக்குள்ளே பார்த்ததும் கதை புரிந்துவிட்டது. சுவர் தடிமனாக இருந்தால் ஆற நேரம் பிடிக்கும், மேற்பரப்பில் குழி விழும். அதனால் மெல்லிய சுவர் வைத்து, குறுக்கே ரிப் (விலா எலும்பு மாதிரி தடுப்பு) கொடுத்திருக்கிறார்கள். குறுக்கு ரிப் சுவர்களை நிமிர்த்தி வைக்குமே தவிர, நீளவாக்கில் வளைவதைத் தடுக்காது. போதாக்குறைக்கு, கெட்டிக்கிற கம்பி செருகும் பள்ளம் அடியில் ஓடுவதால் இருந்த பிளாஸ்டிக்கிலும் பாதி போய்விட்டது. மேல் திறந்த வாய்க்கால் வடிவம் முறுக்கையும் தாங்காது. ஒரு செருப்பு டப்பாவை மூடியோடும் மூடியில்லாமலும் முறுக்கிப் பாருங்கள், கைக்கே தெரியும்.

கழற்றுவதற்கு முன் ஒன்று. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று எண்ணிவிடக் கூடாது. கம்பியைக் குழலின் அடிவரை இறக்கி, காலிக் குழலுக்கென்று அதில் போட்டிருக்கும் கோடு வாயில் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கையும் கழற்றி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் திருகைத் தொட்டேன்.

பெரியவரிடம் நுனி உடைந்த கார்பன் அம்புகள் இருந்தன. அவர் வில் வேட்டைக்காரர். இரண்டு அம்புத் தண்டுகளை ஒன்பது அங்குலத்துக்கு வெட்டினேன். கம்பிப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும், ரிப்களில் டிரெமல் என்ற சின்னச் சுழல் கருவியால் பிறை பிறையாக வெட்டி, தண்டுகளைப் படுக்க வைத்தேன். அவற்றின் பின்முனை, ஆக்‌ஷன் உட்காரும் கெட்டியான பகுதிக்குள் ஒன்றரை அங்குலமாவது நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பகுதி மட்டும் இறுகி, வளைவு அந்த மூட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் எபாக்ஸி, ஊற்றினால் கல்லாக இறுகும் பசை. மழமழப்பான பிளாஸ்டிக்கில் அது சும்மா பிடிக்காது. 60-ஆம் நம்பர் உப்புத்தாளால் உள்ளே முழுவதும் கீறி, ரிப்களில் சாய்வாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஆல்கஹாலால் துடைத்தேன். ஓட்டைக்குள் புகுந்து இறுகினால் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கம்பிக்கு மெழுகு ஷூ பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்து அதன் இடத்திலேயே செருகி வைத்தேன், பள்ளம் அடைபடாமல் இருக்க. கட்டையை ரசமட்டம் வைத்து வைஸில் பிடித்து, பாதி அளவுதான் முதலில் ஊற்றினேன். மொத்தமாக ஊற்றினால் எபாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்து பிளாஸ்டிக்கைக் கோணலாக்கிவிடும். முதல் ஊற்றுக்கே கட்டையின் வெளிப்புறம் வெதுவெதுப்பாக, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. மறுநாள் மீதி. அதற்கும் ஒரு நாள் முழுக்க விட்டேன்.

இறுகிய பிறகு, உப்புத்தாளை ஒரு குழாயில் சுற்றி வாய்க்காலைத் தேய்த்து அகலப்படுத்தினேன். இரண்டு விசிட்டிங் கார்டை ஒன்றாக மடித்துக் குழலுக்குக் கீழே விட்டால், நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை எங்கும் முட்டாமல் ஓடியது. அதே சூட்டோடு உதையைத் தாங்கும் ரீகாயில் லக்கின் பின்பக்கமும் எபாக்ஸி படுகை போட்டுக்கொண்டேன். மொத்தம் முப்பது டாலருக்குள் முடிந்தது. எடை 170 கிராம் கூடியது. அந்த எடை முன்பக்கம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, குறி நிதானமாக நிற்கிறது.

ரேஞ்சில் பையை நுனியில் வைத்து மூன்று, நடுவில் வைத்து மூன்று சுட்டேன். ஆறும் சேர்ந்து இரண்டே கால் அங்குலம். மருந்தும் குண்டும் பழையவைதான். தோள்வாரை இறுக்கிப் பிடித்துச் சுட்டால் முன்பெல்லாம் கீழே விழும். அதுவும் நின்றுவிட்டது.

பெரியவர் இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர். அவர் தன் துப்பாக்கிக்கு லேமினேட் மரக்கட்டையே வாங்கி மாட்டிவிட்டார். மெல்லிய பிர்ச் மர ஏடுகளைப் பிசினில் ஒட்டி அழுத்தியது, ஈரத்துக்கு அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. கையில் எடுத்தால் கனமும் கதகதப்பும் தனிதான். கையில் காசும் கனத்தைத் தூக்கத் தோளும் இருந்தால் அதுவே நல்ல வழி என்பேன். ஆனால் அதையும் அப்படியே மாட்டிச் சுடக் கூடாது. லக் உட்காரும் இடம் ஒட்டுகிறதா என்று பார்த்துப் படுகை போட்டே ஆக வேண்டும். அவருக்கு அதை நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

இப்போது அவர் பேரனுடைய துப்பாக்கி வரிசையில் நிற்கிறது. அது நடுவில் மடங்கும் வகை, முன்கட்டை குழலோடேயே திருகியிருக்கிறது. அம்பு வேலை அதற்குச் சரிப்படாது. அந்தத் திருகு குழலை எப்படி இழுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.