16 வாரம் ஆகட்டும்

நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "ஒரே ஊசியில முடிச்சிடலாமா டாக்டர்?" காசுக் கணக்கு மட்டும் காரணமில்லை, குட்டியை வண்டியில் வைத்துக் கொண்டுவருவதே பெரும்பாடு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தாயின் சீம்பாலோடு குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. அது நோயைத் தடுக்கும், நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. வாரங்கள் போகப் போக வடிந்துவிடும். எப்போது வடியும் என்பது ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே மாறும். நடுவில் சில நாட்கள் இரண்டுங்கெட்டான் நிலை: நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்கப் போதும். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நுழைய அந்த இடைவெளி போதும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். 12 வாரத்தோடு நின்றுபோன தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் இன்னொரு தேதி எழுதிவிடுவேன். "முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே" என்பார்கள். சரி, சொல்லியிருப்பார்கள்.

ஊசி போடுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குப்பியில் வெள்ளைக் கட்டியாக உலர்ந்த மருந்து, இன்னொன்றில் திரவம். கலந்து, கட்டி முழுதாகக் கரைந்ததும் கழுத்துப் பக்கத் தோலைத் தூக்கிப் பிடித்து ஏற்ற வேண்டியதுதான். குட்டியின் கண் மேஜைமேல் இருக்கும் பிஸ்கட்டில் இருக்கும். குப்பியின் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டிவிடுவேன். அப்புறம் அரை மணி நேரம் உட்காரச் சொல்வேன், முகம் வீங்கினால் என் கண்ணெதிரே வீங்கட்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பதுதான் பாடு. கடையில் வாங்கி, உச்சிவெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். போடமாட்டேன் என்றால் கோபம் வரும்.

பார்வோ வந்த குட்டியை வாடையிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். வாந்தி, ரத்தபேதி, தலை தூக்க முடியாத சோர்வு. டிரிப்ஸ் ஏற்றி, உடம்பு தாக்குப்பிடிக்க வழி செய்வதுதான் எங்கள் வைத்தியத்தில் பெரும்பகுதி. சில பிழைக்கும். பிழைக்காத வீட்டில், பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அடுத்த வாரமே புதுக் குட்டி வாங்கிவிடுவார்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது. தரையை முதலில் சுத்தமாகக் கழுவி, பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றி ஊறவிட வேண்டும். புதுக் குட்டி ஊசியெல்லாம் முடித்துவிட்டு வரட்டும் என்பேன். கேட்கிறவர்கள் குறைவு.

டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயில் தப்பிய நாய்க்குக் கால் வெட்டிவெட்டி இழுப்பது வாழ்நாள் முழுக்க நிற்காமல் போகலாம். வெறிநோய்க்கு 3 மாதத்தில் ஊசி, பிறகு வருடாவருடம். அதைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, பயம் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்குத்தான் பேரம் நடக்கும். மனிதர்களுக்கும் தொற்றுகிற நோய் அது, எலியின் மூத்திரத்தில் வருவது.

"எங்க நாய் வாசப்படிகூடத் தாண்டாது டாக்டர்."

"எலி தாண்டுமே?"